வந்தவர் கடவுள் என்று யார் சொன்னது?

காஞ்சிபுரத்து அத்தி வரதர் அடுத்து வெளியே வரப்போவது 2059இல். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை என்பது கணக்கு. 1939, 1979, 2019 என்று வந்தாயிற்று. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தில் நீராழி மண்டபத்துக்கு அடியில் கிடக்கும் அத்திமரத் திருமேனியை எடுத்து, 48 நாள் வைத்திருந்து, திரும்பவும் தண்ணீருக்குள் இறக்கிவிடுவார்கள். அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களுக்கு 2059 என்றால் ராக்கெட்டும் ரோபோவும் ஓடுகிற வருஷம். எங்கள் பக்கத்தில் அது ஒரு தரிசனத் தேதி.

நான் தென்னேரிக்காரன். அப்பா தறிக்காரர். நான் வாலாஜாபாத் வழியாகப் பஸ்ஸில் காஞ்சிபுரம் போய்வந்து, பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். பஸ்ஸில் படித்தது பெரும்பாலும் அறிவியல் புனைகதை. வேற்றுக்கிரகத்தார், கடவுள் மாதிரி வந்திறங்கும் மகாசக்திகள், உலகமே ஒரே நாடாகிவிட்ட எதிர்காலம் என்று எத்தனையோ படித்துவிட்டு, காஞ்சிபுரத்தை நெருங்கியதும் கோபுரங்களைப் பார்ப்பேன். புத்தகத்துக்குள் இருக்கும் கடவுளுக்கும் ஊருக்குள் இருக்கும் கடவுளுக்கும் ஒட்டவே ஒட்டாது. அந்த ஒட்டாமையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆர்தர் சி. கிளார்க்கிலிருந்து தொடங்குவது நியாயம். இங்கிலாந்தில் பிறந்தாலும் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து அங்கேயே இறந்தவர். 1953இல் அவர் எழுதிய 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' நாவலில் பெரிய பெரிய விண்கலங்கள் பூமியின் நகரங்களுக்கு மேல் வந்து நிற்கின்றன. வந்தவர்கள் போரை நிறுத்துகிறார்கள், பசியை ஒழிக்கிறார்கள், நாடுகளை ஒன்றாக்குகிறார்கள். ஐம்பது ஆண்டு வரை முகத்தைக் காட்டுவதில்லை. காட்டும்போது பார்த்தால் கொம்பும் இறக்கையும் வாலும் வைத்த, கிறிஸ்தவப் படங்களில் வரும் சாத்தானின் அச்சு அசல். நான் ரசித்தது இதை அல்ல. கடந்த காலத்தை நேரிலேயே பார்க்கக்கூடிய ஒரு கருவியை அவர்கள் மனிதருக்குக் கொடுக்கிறார்கள். மதங்கள் எப்படித் தோன்றின என்று மக்கள் அதில் பார்த்ததும், பல்லாயிரம் ஆண்டு நம்பிக்கைகள் சில நாளில் உதிர்ந்துவிடுகின்றன. ஒருவிதத் தூய பௌத்தம் மட்டும் மிஞ்சுகிறது.

கிளார்க் பெரிய மூளைக்காரர்தான். ஆனால் இந்த இடத்தில் அவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் 2019 ஜூலை மாதத்துக் காஞ்சிபுரத்தில் நிறுத்த வேண்டும் போலிருக்கும். ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். சிலை எந்த மரத்தால் ஆனது என்பது பெயரிலேயே இருக்கிறது. எந்தக் குளத்திலிருந்து எடுத்தார்கள், எத்தனை நாள் கிடந்த கோலம், எத்தனை நாள் நின்ற கோலம், எல்லாம் டிவியில் ஓடியது. மரம் என்று தெரிந்ததால் யாரும் வரிசையை விட்டு நகரவில்லை. ஆதாரம் காட்டினால் பக்தி போய்விடும் என்பது, பக்தி ஒரு தகவல் பிழை என்று நினைக்கிறவர்களின் நம்பிக்கை. எதிர்காலத்திலும் திருமலைக்குப் போக மனிதர்கள் முண்டியடித்துக்கொண்டிருப்பார்கள் என்பதை வைத்து சுஜாதா 'திமலா' என்று ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். அது அளவில் சின்னதுதான். ஆனால் ஜனங்களைத் தெரிந்தவர் எழுதிய கதை.

கிளார்க்குக்கே பின்னாளில் கொஞ்சம் மனம் இளகியிருக்க வேண்டும். 1979இல் வந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில், விண்வெளிக்குப் போகும் லிஃப்ட் ஒன்றைக் கட்ட ஒரு பொறியாளர் இடம் தேடுகிறார். சரியான இடம் இலங்கையைப் போன்ற ஒரு தீவின் புனித மலை. உச்சியில் புத்த மடம். பிக்குகள் நகர மறுக்கிறார்கள். பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் மலையுச்சியை எட்டும் நாளில் மடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு பழைய வாக்கு உண்டு. லிஃப்ட் வேலையைக் கெடுக்க நினைத்த ஒருவர் வானிலைக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றிப் புயலைக் கிளப்ப, அதில் பூச்சிகள் மேலே அடித்துச் செல்லப்படுகின்றன. பிக்குகள் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். விஞ்ஞானம் தவறான கைக்குப் போகிறது, மடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது. கிளார்க் இதைச் சிரிக்காமல் எழுதியிருப்பார்.

இதைவிட வியப்பான ஒன்று அவர் வாழ்க்கையிலேயே உண்டு. அவரோடு இலங்கைக்கு வந்து கடலில் மூழ்கித் திரிந்த நண்பர் மைக் வில்சன், 1956இல் திருகோணமலையில் சுவாமி மலைக்குக் கீழே கடலடியில் ஒரு சிவலிங்கத்தைக் கண்டெடுத்தார். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலைச் சேர்ந்தது அது. மலைமேல் மறுபடி எழுப்பிய கோயிலில் இன்று அது பூசையில் இருக்கிறது. வில்சன் பின்னாளில் கதிர்காமத்து முருகனிடம் போய்ச் சேர்ந்து, சுவாமி சிவ கல்கி என்று பெயர் வைத்துக்கொண்டார். கிளார்க் தன் இறுதிச் சடங்கில் எந்த மதச் சடங்கும் கூடாது என்று எழுதிவைத்துவிட்டு, 2008 மார்ச் 19இல் கொழும்பில் கண்மூடினார். அதற்கு மூன்று வாரம் முன்புதான், பிப்ரவரி 27இல், சுஜாதா சென்னையில் இறந்திருந்தார்.

மேற்கத்திய அறிவியல் புனைகதையில் கடவுள் போன்றவர் வந்தால் அவர் மேலே இருப்பார், மனிதர் கீழே இருப்பார். 1967இல் ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' பகுதி ஒன்றில், கிரேக்கர்களின் அப்போலோ உண்மையில் ஒரு வேற்றுக்கிரகத்தான்தான் என்று வரும். என்னைக் கும்பிடுங்கள் என்று விண்கலத்துக்காரர்களை அவன் மிரட்டுவான். அவர்கள் மறுப்பார்கள். எதிர்ப்பது, பணிவது, தப்பிப்பது, இந்த மூன்றைத் தாண்டி அந்தக் கதைகளில் மனிதருக்கு வேலை இல்லை.

காஞ்சிபுரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு கதை சொல்லியிருப்பார்கள். பல்லவ அரசனைப் பாட மாட்டேன் என்றதற்காகக் கணிகண்ணனை ஊரை விட்டுப் போகச் சொல்கிறார்கள். குரு திருமழிசை ஆழ்வாரும் கிளம்புகிறார். கிளம்புகிறவர் சும்மா போகவில்லை. திருவெஃகாவில் படுத்திருக்கும் பெருமாளிடம், நாங்கள் போகிறோம், உனக்கு இங்கே என்ன வேலை, பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நீயும் வா என்கிறார். பெருமாளும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் நடக்கிறார். ஊர் இருண்டுபோய், அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டபின், ஆழ்வார் சரி என்றதும் பெருமாள் திரும்பிவந்து படுத்துக்கொள்கிறார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்றே அவருக்குப் பெயர். இந்த ஊர்க்காரனிடம் அப்போலோ வந்து கண்ணை உருட்டினால், போய்யா, எங்கள் ஆளைப் பார் என்றுதான் சொல்லத் தோன்றும்.

தமிழில் வேற்றுக்கிரகத்தார் வரும் கதைகள் இந்தப் பழக்கத்தில்தான் வந்தன என்பது என் எண்ணம். 1963இல் வெளியான எம்.ஜி.ஆரின் 'கலை அரசி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ. காசிலிங்கம் இயக்கியது. பறக்கும் தட்டில் வேற்றுக்கிரகத்தான் வருகிறான். பூமியைப் பிடிக்கவா, நம்மைத் திருத்தவா? இரண்டும் இல்லை. அவர்கள் கிரகத்தில் அறிவியல் இருக்கிறது, சங்கீதம் இல்லை. பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அட்டைத் தகடு மாதிரி இருக்கும் விண்கலத்தைப் பார்த்து இன்றைக்குச் சிரிக்கலாம். ஆனால் வானத்திலிருந்து வந்தவன் நம்மிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ள வந்தான் என்ற எண்ணம் அன்றைய ஹாலிவுட்டில் சுலபத்தில் தோன்றியிருக்காது.

சுஜாதாவின் 'கடவுள் வந்திருந்தார்' இதன் அடுத்த படி. பூர்ணம் விஸ்வநாதன் தம் குழுவோடு மேடையேற்றி, தாமே சீனிவாசனாக நடித்த நாடகம். சீனிவாசன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார். ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் என்ன மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காபி கூட ஒரு சுற்று தாமதமாகத்தான் வரும். அவர் முன் எதிர்காலத்திலிருந்து ஜோ என்றொருவன் வந்து நிற்கிறான். அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். காற்றோடு பேசுகிறார் என்று வீட்டார் பயந்து வைத்தியம், மந்திரம் எல்லாம் பார்க்கிறார்கள். பிறகு, கண்ணுக்குத் தெரியாதவன் செய்யும் காரியங்கள் வெளியே தெரியத் தெரிய, அதே ஆள் பைத்தியத்திலிருந்து மகானாகிவிடுகிறார். கும்பிட ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

சிரித்துக்கொண்டே பார்க்கும் நாடகம்தான். ஆனால் கவனித்தால், ஜோ எந்த இடத்திலும் நான் கடவுள் என்று சொல்லிக்கொள்கிறவன் இல்லை. சீனிவாசனுக்கும் சாமியாராகும் ஆசை இல்லை. கடவுளை உண்டாக்குவது சுற்றியிருப்பவர்கள். மிக முன்னேறிய தொழில்நுட்பத்துக்கும் மந்திரத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்று கிளார்க் ஒரு விதி சொல்லியிருக்கிறார். வித்தியாசம் தெரியாமல் போகிறவன் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான், அவன் நல்லவன்தான், அவனுக்கு ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது, அதனால்தான் விழுந்து கும்பிடுகிறான் என்பதை சுஜாதா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர் அல்லவா. 'எந்திர'னில் கடவுள் இருக்கிறாரா என்று கேட்டதற்கு, என்னைப் படைத்தவர் வசீகரன், ஆகவே இருக்கிறார் என்கிற தோரணையில் சிட்டி பதில் சொல்லும்போது தியேட்டரே கைதட்டியது. அதிலும் அந்த நையாண்டிதான்.

ஒன்றுபட்ட சமுதாயம் என்ற கனவுக்கு வருகிறேன். இதில் தமிழுக்கு யாரிடமும் கடன் இல்லை. 1940களில் பெரியார் 'இனி வரும் உலகம்' எழுதிவிட்டார். கதாபாத்திரமோ சம்பவமோ இல்லாத கட்டுரைதான். ஆனால் நான் அதை அறிவியல் புனைகதை வரிசையில்தான் வைப்பேன். அரசர்கள் இருக்க மாட்டார்கள், பணம் இருக்காது, ஆளுக்கொரு கம்பியில்லாத் தொடர்புக் கருவி சட்டைப் பையில் இருக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவார்கள், ஆண்பெண் சேர்க்கை இல்லாமலே குழந்தை பிறக்கும். குறை தீர்ந்த மனிதனுக்குக் கடவுளைத் தேடும் வேலை இராது என்பது அவர் கணக்கு. காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் எடுபடாமல் அவர் வெளியேறிய ஊர் காஞ்சிபுரம், ஆண்டு 1925. அவரிடம் பயின்ற அண்ணா இதே ஊரில் 1909இல் பிறந்தவர். கடவுளே வேண்டாம் என்றார் குரு. குலமும் ஒன்று தெய்வமும் ஒன்று என்று திருமூலர் பக்கம் சாய்ந்தார் சீடர். ஒன்றுபட்ட சமுதாயத்தில் கடவுளுக்கு நாற்காலி போடுவதா வேண்டாமா என்ற விவாதம் எங்கள் ஊரில் மேடை போட்டே நடந்திருக்கிறது.

பெரியார் எழுதிய அதே கருவிகளை எல்லாம் வைத்துக்கொண்டு, நாற்பது ஆண்டு கழித்து சுஜாதா எழுதியது 'என் இனிய இயந்திரா'. ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1990களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனிலும் வந்தது. கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். வறுமை இல்லை, சண்டை இல்லை. எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்: நிலா, சிபி, ரவி, மனோ. எல்லாருக்கும் ஓர் எண். குழந்தை பெற்றுக்கொள்ள அனுமதி வாங்க வேண்டும். வீட்டில் யாரோடு இடத்தைப் பகிர்ந்துகொள்வது என்று அரசு சொல்லும். நாட்டை ஆள்பவர் ஜீவா. திரையில் தோன்றுவார், எல்லாரும் நேசிப்பார்கள். அனுமதி கிடைத்த அன்றே நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். ஜீனோ என்ற இயந்திர நாயைக் கூட்டிக்கொண்டு அவள் தேடக் கிளம்புகிறாள். கடைசியில் ஜீவா என்று ஓர் ஆளே இல்லை. ஒளியால் செய்த உருவம். பின்னால் இருப்பவர்கள் அந்த உருவத்தைக் கலைத்துவிட்டு, அடுத்து நிலாவையே ராணியாக்கி முன்னால் நிறுத்துகிறார்கள்.

அமைதியாக ஒன்றுபட்டிருந்த அந்த நாட்டில் யோசிக்கிற ஒரே ஜீவன் நாய். அதுவும் இயந்திரம். சீனிவாசனைக் கடவுளாக்கிய அதே பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஜீவாவையும் ஆக்கியவர்கள் என்று எனக்குத் தோன்றும். அங்கே அவர்கள் கையில் கற்பூரம், இங்கே அரசாங்கம். பெரியாருக்குத் தொழில்நுட்பத்தின்மேல் இருந்த நம்பிக்கை சுஜாதாவுக்கு இல்லை. தொழில்நுட்பத்தைப் பெரியாரைவிட நெருங்கித் தொட்டவர் அவர் என்பது காரணமாக இருக்கலாம். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பகலில் ஓட்டுப் பெட்டியும் இரவில் சர்வாதிகாரியுமாக அவர் எப்படி வாழ்ந்தார் என்று யோசித்துப் பார்ப்பேன்.

ஓட்டு என்றதும் எங்கள் மாவட்டத்தில் உத்திரமேரூரைச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டு. முப்பது குடும்பு, ஓலையில் பெயர், குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்வது, ஏரி வாரியம், தோட்ட வாரியம். உலகின் முதல் மக்களாட்சி என்று மேடையில் முழங்குகிறார்கள். கல்வெட்டை வாசித்தால், நிற்பதற்குச் சொந்த நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் சபை. அந்த ஏரியில் இறங்கி மண் வெட்டியவன் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. அறிவியல் புனைகதையில் 'உலகம் ஒன்றானது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது, யார் பெயர் ஓலையில் இல்லை என்று கேட்கும் பழக்கம் எனக்கு இங்கிருந்துதான் வந்தது.

அதைக் கேட்ட ஒரு வெள்ளைக்காரர் உண்டு. ரோஜர் ஸெலாஸ்னி 1967இல் எழுதி ஹியூகோ விருது வாங்கிய 'லார்ட் ஆஃப் லைட்'. வேறொரு கிரகத்தில் குடியேறிய மனிதர்களில் சிலர் தொழில்நுட்பத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு பிரம்மா, யமன், காளி, அக்னி என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள். மறுபிறவி கூட இயந்திரத்தில்தான். யாருக்கு எந்த உடம்பு என்பது அவர்கள் தீர்ப்பு. கீழே இருப்பவர்கள் அச்சு இயந்திரம் கண்டுபிடித்தால் அடித்து நொறுக்குகிறார்கள். எதிர்க்கிறவன் புத்தர் வேஷம் கட்டிக்கொண்டு வருகிறான். நம் பெயர்களை அமெரிக்கர் இஷ்டத்துக்குக் கலக்கியிருக்கிறார் என்று சிலருக்குக் கோபம் வரலாம். எனக்கு வரவில்லை. மணிமேகலை வந்து சேர்ந்த ஊர் காஞ்சி. புத்தர் பேச்சு இங்கே புதிது இல்லை. இந்த நாவலின் திரைக்கதை படமாகவில்லை. ஆனால் 1980இல் டெஹ்ரானில் ஒளிந்திருந்த ஆறு அமெரிக்கத் தூதரக ஊழியர்களை, 'ஆர்கோ' என்ற இல்லாத சினிமாவின் படப்பிடிப்புக் குழு என்று சொல்லி சி.ஐ.ஏ. வெளியே கொண்டுவந்தபோது, கையில் வைத்திருந்தது அந்தத் திரைக்கதையைத்தான்.

இன்னொரு வகை உண்டு. கதை என்று சொல்லாமல் உண்மை என்று விற்கிற வகை. சுவிட்சர்லாந்துக்காரர் எரிக் ஃபான் டேனிகன் 1968இல் தொடங்கிவைத்தது: பழைய கடவுள்கள் எல்லாம் வேற்றுக்கிரகத்தார், பெரிய பெரிய கட்டடங்களுக்கு அவர்கள்தான் கைகொடுத்தார்கள். இப்போது யூடியூபில் நம் கோயில்களையும் விடுவதில்லை. இவர்கள்மேல் எனக்குப் பொறுமை இல்லை. ராஜசிம்மன் 8ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில் மணற்கல்லைச் செதுக்கியவன் கைக்குக் காய்ப்பு இருந்திருக்கும். அப்பா கோர்வைச் சேலை நெய்வார். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் தள்ள வேண்டும். பல வருஷம் அந்தப் பிள்ளை நான்தான். வெளியூரிலிருந்து வந்து தடவிப் பார்க்கிறவர்கள், கையால் இவ்வளவு வராது, மெஷின்தானே என்பார்கள். டேனிகன் சொல்வதும் அதையேதான், கொஞ்சம் பெரிய அளவில்.

தங்கை மகன் இப்போது ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறான். விண்கலம் ஒன்று தென்னேரி ஏரியில் இறங்குகிறது. நாகநாட்டுப் பெண்ணுக்குப் பிறந்து கடலில் மிதந்து வந்த பிள்ளை என்று புராணம் சொல்லும் திரையன் வெட்டிய ஏரி. வெளியிலிருந்து வந்தவர்கள் அதற்குப் புதிதல்ல என்பது அவன் நியாயம். முதல் அத்தியாயத்தைக் கொண்டுவந்து காட்டினான். கதவு திறக்கிறது, ஒளி வீசுகிறது, ஊரே விழுந்து கும்பிடுகிறது.

"எப்படி மாமா இருக்கு?"

"கும்பிடுவாங்கடா. அது மூணாவது நாள். முதல் நாள் மீன் குத்தகை எடுத்தவன் வந்து, யாரைக் கேட்டு ஏரியில இறங்கினேன்னு சண்டை போடுவான். அப்புறம் பொதுப்பணித்துறையில இருந்து வருவாங்க."

"சரி, அதைச் சேர்த்துடறேன்."

"ராத்திரி அந்த ஆளை எங்க தங்க வைப்பே? எந்தத் தெருவில?"

யோசித்தான். "தெருவே வேண்டாம் மாமா. கரையிலயே இருக்கட்டும்."

"இருக்கட்டும். குடிக்கத் தண்ணி எந்தக் குழாயில பிடிப்பான்?"

தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டான். போன வாரம் பார்த்தபோது கதை ஒன்பது அத்தியாயம் ஆகியிருந்தது. விண்கலம் கலங்கலுக்குப் பக்கத்தில் நிற்கிறது, கதவு இன்னும் திறக்கவில்லை. உள்ளே இருப்பவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள், உண்டியலை எந்தப் பக்கம் வைப்பது, சாவி யாரிடம் இருப்பது என்று வெளியே இரண்டு கட்சி ஆகியிருக்கிறது.